கடிகாரத்தின் செல்

காந்திபுரத்துக் கடைக்காரர் சொன்னார்:
"ஏனுங் அம்மிணி,
இப்பெல்லாம் வயரில்லாததுக்குத்தானுங் மவுசு."
தான் சொன்ன சிலேடை தனக்கே தெரியாமல்
பில் போட்டார்.

திருப்பூருக்கு வரும் பஸ்ஸில்
மடியில் வைத்துப் பார்த்தபடி வந்தேன்.
உள்ளங்கைக்குள் அடங்கியது.
அடிவயிற்றில் ஒரே ஒரு பென்சில் செல்.

பகலில் எனக்கு மார்க்கர் வேலை.
முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப்பட்டி,
எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள்
ஒன்றையொன்று இடிக்காமல் படுக்க வைக்க வேண்டும்,
கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரையை
ஒரே கூடத்தில் படுக்க வைப்பது போல.
ஒரு பனியனுக்கு அரை சென்டிமீட்டர் மிச்சம் பிடித்தால்
பத்தாயிரத்துக்கு ஐம்பது மீட்டர்.

கம்பெனி மவுஸுக்கு வயருண்டு.
மேசை முனையில் மாட்டி வெடுக்கென்று இழுக்கும்;
திரையில் ஒரு கை கோணிக்கொள்ளும்.
அதனால் என்னுடையதைச் சோற்றுப் பையிலேயே
கொண்டு போய்க் கொண்டு வந்தேன்.
வாரம் ஒருமுறை அதன் கண்ணில் அடைந்த
பஞ்சுத் தூசியை ஊதிவிட்டால் போதும்.
பகலுக்கு அதைக் குறை சொல்ல
என்னிடம் ஒன்றுமில்லை.

ராத்திரி வேறு.
ராத்திரி நான் இடிந்த கட்டடம் ஒன்றின்
மூன்றாம் மாடியில் துப்பாக்கியோடு இருப்பேன்.
எதிரில் பொள்ளாச்சி மௌலீஸ்வரன்.
நேரில் பார்த்ததில்லை; இருமல் மட்டும் தெரியும்.

முதல் வாரம் குறி தெற்றித் தெற்றிப் போனது.
சிபியு-வின் முதுகில், இரும்பு பீரோவை ஒட்டி,
அந்தச் சின்ன ரிசீவர் மூச்சுமுட்டிக் கிடந்தது.
ஒரு முழ வயர் வாங்கி
அதை மேசைக்கு முன்னால் இழுத்து வைத்தேன்.
வயரில்லாத மவுஸுக்கு வயர்.
சுதர்சனா கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் சறுக்கவில்லை.
ஆனால்
பதுங்கியிருப்பவள் அசையக் கூடாதல்லவா?
நான் அசையாமல் இருந்தால்
மவுஸ் தூங்கிவிடும்.
சிக்கனமான ஜென்மம்.
மௌலீஸ்வரன் படியேறி வரும்போது
அது கண்விழித்துச் சோம்பல் முறிப்பதற்குள்
நான் செத்திருப்பேன்.
பகலில் பையரின் மெயிலைப் படிக்கும்போதும்
இப்படித்தான் தூங்கும்;
அங்கே யாரும் யாரையும் சுடுவதில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை.
ஐந்துக்கு நான்கு என்று கணக்கு,
கடைசிச் சுற்று,
செல் தீர்ந்தது.
தெருமுனைக் கடை சாத்தியாச்சு.
ரிமோட்டில் இருந்தது வேறு அளவு.
நிமிர்ந்து பார்த்தேன்.
சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்று நாற்பது.

ஜெயித்தேன்.
சத்தம் போட முடியாமல்
தலையணையைக் கடித்துக்கொண்டு ஜெயித்தேன்.
அப்படியே தூங்கிப் போனேன்.

சுதர்சனாவின் போன் டிஸ்ப்ளே போய்
நாலு நாளாய்க் கடையில் கிடந்தது.
விடியுமுன் விழித்தவள் சுவரைப் பார்த்திருக்கிறாள்:
பதினொன்று நாற்பது.
மறுபடி விழித்திருக்கிறாள்:
பதினொன்று நாற்பது.
'ராத்திரி நெம்ப நீளமாட்டிருக்குது' என்று
போர்வையை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.
வெயில் ஜன்னலேறியபோது
செக்கிங் செக்‌ஷன் வேன் போய்விட்டிருந்தது.

திட்டுவாள் என்று நின்றேன்.
"ஜெயிச்சியா?" என்றாள்.
"ம்."
"அப்ப என்ற அரைநாள் சம்பளத்த
அந்தப் பொள்ளாச்சிக்காரங்கிட்ட வாங்கிக் குடு."

இப்போது ராத்திரிக்கு
வயருள்ளது ஒன்று வாங்கிவிட்டேன்.
தூங்காது, செல் கேட்காது.
நேற்று டீ டம்ளரைத் தட்டிவிட்டது, போகட்டும்.
பகலுக்குப் பழையதே,
சோற்றுப் பையில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில்.

கடிகாரத்துக்குப் புதுச் செல்.
சுதர்சனா அதைப் பத்து நிமிடம் கூட்டி வைத்து
கைக்கெட்டாத ஆணிக்கு
மாற்றியிருக்கிறாள்.