பசைக்கு நினைவு கிடையாது

ரயில் கதவு, நடைமேடைக் கதவு, பிரேக்.
மூன்றும் ஒரே நொடியில் சம்மதித்தால்தான் திறக்க வேண்டும்.
பீன்யாவில் மூன்றாம் மாடியில் எங்களுக்கு அதுதான் வேலை.
ஜன்னலுக்கு வெளியே
பவுடர் கோட்டிங் பட்டறையின் தகரக் கூரை,
அதில் யாரோ காயப்போட்டு மறந்த ஒற்றைக் கையுறை.

பழைய சட்டகத்தில்
இருவர் இருவராகத்தான் கைகுலுக்க முடியும்.
ரயில் கதவு பிரேக்கிடம் கேட்கும்: நின்றுவிட்டாயா?
நின்றுவிட்டேன்.
அதற்குள் அந்தப் பக்கம் நடைமேடைக் கதவு
மூடத் தொடங்கியிருக்கும்.
மூன்று கைகள் ஒரு குலுக்கலில் சேரவில்லை,
எத்தனை வரி எழுதினாலும்.

"எழுதலாம், நடுவில் ஓர் ஆளைப் போட்டால்"
என்றான் சங்கேத் ஹெக்டே.
"அப்படியென்றால் எழுத முடியாது
என்றுதானே அர்த்தம்" என்றேன்.

இரண்டு நாள் பலகையை யாரும் அழிக்கவில்லை.
உறுப்புகளைத் தொடாதே.
புதிதாக ஒன்றும் சேர்க்காதே.
ஒட்டும் விதத்தை மட்டும் மாற்று.
அப்போதும் எதைச் சொல்ல முடிகிறதோ
அவ்வளவுதான் ஒரு சட்டகத்தின் வாய்.
மற்றதெல்லாம் வாடகை வாய்.

அப்புறம் முன்னுரிமை:
யாருடைய விரலாவது சிக்கியிருந்தால்
மூடுவதைவிடத் திறப்பது முந்தட்டும்.
இதையும் கைகுலுக்கலால் மட்டும் சொல்லிவிட முடியாது.
விட்டுக்கொடுப்பது ஒரு குலுக்கல் அல்ல,
குலுக்காமல் இருப்பது.

என் பெயர் பூங்கொடி.
வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில் இரண்டு கட்டம்,
இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.
பூ ஒரு கட்டம். கொடி ஒரு கட்டம்.
நடுவில் இருந்த ங் எங்கே போவது?
அது பூவிலும் இல்லை, கொடியிலும் இல்லை.
சேரும்போது தோன்றும், பிரித்தால் போய்விடும்,
போனதற்குத் தடயம்கூட இருக்காது.
சங்கேத்துக்கு இதைச் சொன்னபோது
அவன் எழுந்து பலகைக்குப் போய்
ஒட்டும் குறிக்குப் பக்கத்தில்
ங் என்று எழுதினான், கொஞ்சம் கோணலாக.
அதுதான் சரியான பசை.
நேற்று எதை ஒட்டினோம் என்று அதற்குத் தெரியாது.

மார்ச் கடைசியில் மதிப்பீடு.
ஐந்துக்கு மூன்று.
"இந்த டீமுக்கே நீங்கதான் பசை, மேடம்"
என்றார் ரேணுகா பிரசாத், பாராட்டாகத்தான்.
"ஆனால் உங்கள் பெயரில் எந்த உறுப்பும் இல்லையே."

புதன்கிழமை ஓசூர் சப்ளையருக்குக் கரண்ட் இருக்காது.
மழையில் நடைமேடை சென்சார் பொய் சொல்லும் என்று
அதைச் செய்த இம்தியாஸ்
டீக்கடையில் மட்டும் ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு தடவை.
சங்கேத் இரண்டு முறை "சரி" என்றால் புரியவில்லை.
போன ஆகஸ்டில் யார் யாரோடு பேசாமலிருந்தார்கள்,
எந்தப் பிழை அந்த மௌனத்தின் வழியாக உள்ளே வந்தது.

சார், பசைக்கு நினைவு கிடையாது.
நினைவிருந்தால் அது பசை அல்ல,
படத்தில் வரையாமல் விட்ட பெட்டி.

இதைச் சொல்லவில்லை.
"ஓகே சார்" என்றேன்.
கீழே இறங்கி நடந்தேன்,
தும்கூர் சாலையில் லாரிகள்
ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன.

பீன்யா நிலையத்தில் இன்னும் நடைமேடைக் கதவு வரவில்லை.
ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது.
கோட்டுக்கு அருகில் விசிலோடு ஒரு காவலர்.
ரயிலைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார்,
ஓடிவரும் கல்லூரிப் பையனைப் பார்த்து
விசிலை வாயருகே கொண்டுபோய்,
ஊதாமல் நிறுத்துகிறார்.

என்னைக் கண்டதும்
தூணுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்.
"மேடம், நின்னெ சத்ரி."
நேற்று பெஞ்சில் விட்டுப்போன என் குடை.
வாங்கிக்கொண்டேன்.
கதவு மூடும் மணி அடித்துக்கொண்டிருந்தது,
அவர் பெயர்ப் பட்டையைப் படிப்பதற்குள்
கூட்டம் உள்ளே தள்ளிவிட்டது.