புலிக்குக் குறில்

மண்டாயில் எனக்கு இறைச்சி வெட்டும் வேலை.
காலை ஏழரைக்குத் தராசு.
மெலூருக்கு ஆறு கிலோ, எலும்போடு.
வியாழக்கிழமை பட்டினி.
காட்டில் தினமும் கிடைக்காதல்லவா,
அந்தக் கிடைக்காமையை
அட்டவணை போட்டு ஒட்டியிருக்கிறோம்.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாதாம்.
தின்னும்.
வேலியோர லாலாங்கை
கண்ணை மூடி மென்றாள், பார்த்திருக்கிறேன்.
சற்று நேரத்தில் மயிருருண்டை ஒன்றைக் கக்கிவிட்டு
எதுவும் நடக்காதவள்போல்
குளத்தில் இறங்கிக் கழுத்தளவு உட்கார்ந்தாள்.

அவள் உறுமும்போது
முதலில் கேட்பது என் விலா எலும்பு.
காது அப்புறம்.

மாலை 927 பேருந்து.
சுவா சூ காங்.
இங்கெல்லாம் ஒரு காலத்தில் புலி நடந்ததாம்.
இப்போது அதே மண்ணில்
பதினான்கு மாடி ஏற
லிஃப்டுக்குக் காத்திருக்கிறது
மூன்றரைக் கிலோ.

இடக்காது நுனி வெட்டிய பூனை.
ரொஹானாவுக்கு அது சோமோட்.
ஆறாம் மாடி மிஸ்டர் கோவுக்குப் பூய் பூய்.
நகரமன்றத்துக்கு ஒரு புகார்க் கடிதம்.
எந்தப் பெயருக்கும் திரும்பாது,
டப்பா திறக்கும் சத்தத்துக்கு மட்டும்.

புலிக்குக் குறில்.
பூனைக்கு நெடில்.
யார் அளந்து கொடுத்தார்களோ.
மூன்று மீட்டர் உடம்புக்கு ஒரு மாத்திரை,
மழைக்குப் பயந்து
சைக்கிளுக்கு அடியில் ஒடுங்கும் இதற்கு
இரண்டு.

பொய்யும் இல்லை.
மெலூருக்குக் குறுகுறுக்க வராது,
தொண்டை அப்படி.
இது என் மடியில்
அரைமணி நேரம் நிறுத்தாமல்
அந்த நெடிலை இழுக்கும்.

போன புதன்கிழமை
ரப்பர் பூட்ஸை மாற்ற மறந்து
வீட்டுக்கு வந்துவிட்டேன்.
கீழ்த்தளத்தில், கல்மேசைப் பக்கம்,
ஓடி வந்த பூனை
ஒரு முழம் முன்னால் நின்றது.
முதுகு மயிர் மொத்தமும் எழுந்தது.
வால், பாட்டில் கழுவும் பிரஷ்.
கண்ணுக்குள் கீறலாய் இருந்த கருமணி
விரிந்து விரிந்து
வட்டமாயிற்று.

வட்டம்.
காலையில் கம்பிக்குள் பார்த்த அதே வட்டம்.

மாஜோங் மேசையில் காய் விழும் சத்தம்கூட இல்லை.
ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன்.
வரவில்லை, ஓடவுமில்லை.
பிறகு ஓர் அடி.
இன்னோர் அடி.
மூக்கு பூட்ஸில் பட்டது.
கன்னத்தைச் சாய்த்தது.
மெலூரின் மூத்திரம் காய்ந்த இடத்தில்
இடக்கன்னம், வலக்கன்னம்,
மறுபடி இடம்,
தன் வாசத்தை ஒரு பூச்சு பூசிவிட்டுப்
போய் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டது.

மறுநாள் வியாழன்.
தராசுக்கு வேலை இல்லை.
கம்பியோரம் குழாய்த் தண்ணீர் பீய்ச்சும்போது
மெலூர் எழுந்து வந்து
என் பூட்ஸையே மோந்தாள்.
உதட்டைச் சுருட்டி வாய் பிளந்து
நெடுநேரம் நின்றாள்.

பட்டினி நாள் ஆயிற்றே,
பின்வாங்கினேன்.
அவள் பார்த்தது என்னை அல்ல.
மூக்கால் ஒரு சின்னச் செருமல்,
புஃப், புஃப்,
குட்டி போட்டிருந்த காலத்தில்
கேட்டது.

பூட்ஸை இன்னும் கழுவவில்லை.