ஆறு முகங்கள், ஏழு ஆணிகள்

ஐஸ் ஹாக்கி அரங்கின் நடைவழியில்
காப்பி இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே
தொங்குகிறது எங்கள் ஊரின் புகழ்.
திங்கள்தோறும் கண்ணாடி துடைப்பது என் வேலை.
வினிகர், பழைய செய்தித்தாள், இருபது நிமிடம்.

முதலில் ஓபரா பாடகி இசபெல் டூசே.
பனிப்புயலில் ரயில் நின்றுபோன ஓர் இரவில்
சாமான் பெட்டியில் பிறந்தாள்.
விடிந்து, தண்டவாளத்தைச் சுரண்டி முடித்ததும்
ரயில் கிளம்பிவிட்டது. அவளும்தான்.
பிறகு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
'எங்கள் மண்ணின் குரல்' என்கிறது பித்தளைப் பலகை.
மண் அன்றைக்கு நாலடிப் பனிக்குக் கீழே கிடந்தது.

அடுத்து மைக்கோலா ஹ்ரின்கிவ்,
காகித ஆலைக்காரர்.
பனியில் வழுக்காதிருக்க
பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல்லைக் கண்டுபிடித்தவர்.
இடுப்பு முறிந்து இறந்தார்,
குளியலறையில்.

செனட்டரின் மீசைமேல் மட்டும்
வாரம் ஒரு சூயிங்கம் ஒட்டியிருக்கும்.
ஆட்டவாவில் அவர் என்ன செய்தார் என்று
ஒட்டுகிற பையன்களுக்கும் தெரியாது, எனக்கும்.

ஆக்னஸ் நோடின் ஏரியை நீந்திக் கடந்தவள்.
நகராட்சிக் குளத்தில் அவள் இனத்தாரை விடமாட்டார்கள்,
அதனால்தான் ஏரி.
பலகையில் அது இல்லை.
இடம் போதவில்லையாம்.
அவள் கண்களைத் துடைக்கும்போது மட்டும்
நான் கொஞ்சம் அவசரப்படுவேன்.

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.
சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

ஏழாவது ஆணியில் இருந்தவன் பெயரை எழுதமாட்டேன்.
இருபத்தாறு வருடம் பயிற்சியாளன். நான்கு கோப்பை.
அரங்கில் விளக்குப் போட்டால்
முதல் வெளிச்சம் அவன் முகத்தில்தான் விழும்.
அதனால் ஒன்பது வருடம்
அந்தக் கண்ணாடியைத்தான்
மற்றதைவிடச் சுத்தமாக வைத்திருந்தேன்.

என் தம்பி டாவ்னோ அப்போது கோல்கீப்பர், பதின்மூன்று வயது.
இந்த நடைவழியில் வரவே மாட்டான்.
மைனஸ் முப்பதில்
தன்னைவிடப் பெரிய பையை இழுத்துக்கொண்டு
கட்டடத்தைச் சுற்றிப் பின்கதவால் வருவான்.
கிறுக்கு என்று சிரித்தோம் வீட்டில்.
நானும் சிரித்தேன்.

பிறகு யாரோ ஒருவன் வாய் திறந்தான்.
அவனைத் தொடர்ந்து பதினொரு பேர்.
ஐந்துக்கு நான்கு ஓட்டில் நகரசபை முடிவு செய்ய
மேலாளர் கோர்டன் என் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
'தற்காலிகமாக' என்றிருந்தது உத்தரவில்.

சட்டம் இருந்த இடம் மட்டும்
வெளுப்பாக, செவ்வகமாக நின்றது.
இரண்டு பூச்சு அடித்தேன். போகவில்லை.
ஆணியும் வரவில்லை. இழுத்ததில் தலைதான் வளைந்தது.
'விடு, அடுத்த ஆளுக்கு வேண்டியிருக்கும்' என்றார் கோர்டன்.
பரிந்துரைப் படிவம் அச்சாகி வந்தது:
'இந்நகருடன் உள்ள தொடர்பு' என்ற கேள்விக்கு
இரண்டே இரண்டு வரி.

டாவ்னோ ஆல்பர்ட்டாவில் லாரி ஓட்டுகிறான்.
கிறிஸ்துமஸுக்கு வந்தவன்
சொல்லாமல் கொள்ளாமல் அரங்குக்கு வந்தான்,
முன்கதவால்.
காப்பி இயந்திரம் அவன் காசை விழுங்கியது.
ஓர் உதை விட்டான். காப்பி வந்தது.
நனைந்த தொப்பியைக் கழற்றி
வளைந்த ஆணியில் மாட்டினான்.
பார்த்துத்தான் மாட்டினானா, தெரியாது.
நான் கேட்கவில்லை.
கண்ணாடி துடைக்கிற செய்தித்தாளில்
பழைய ஸ்கோர் படித்துக்கொண்டே குடித்தான்.

போகும்போது தொப்பியை மறந்துவிட்டான்.
திங்கள் வந்தது. நான் எடுக்கவில்லை.
அடுத்த திங்களும்.
மூன்றாம் வாரம் கோர்டன் நின்றார்,
காணாமல்போன பொருட்களின் பெட்டியோடு.
'இது யாருடையது?'

இந்த ஊர்க்காரன் ஒருவனுடையது, என்றேன்.
செய்தித்தாளைக் கசக்கி
அடுத்த கண்ணாடிக்குப் போனேன்.