கதவு

முசினாவில் மணி நாலு. தகரம் இன்னும் கொதிக்கிறது.
ஞாரட்ஸோ எப்போதும் வாங்குவது
எண்ணெய் டின், சோப்பு, சோள மாவு.
இன்றைக்கு ஒரு கதவும்.
"ஆறு வருஷமா சாக்குதான் தொங்குது" என்றாள்,
ரேண்டை மூன்று தடவை எண்ணி வைத்து.

வண்டிக் கூரையில், மெத்தைகளுக்கு மேல்
மல்லாந்து படுத்துப் போனது கதவு.

கல்லா பூட்டும்போது பார்க்கிறேன்,
பில் கட்டுக்கு அடியில்
அதன் சாவி.

லிம்போப்போ பாலம் வரை லாரிகள்.
ஓடினேன், தொப்பை எனக்கு முன்னால்.
சக்கரத்தடியில் ஒருவன் மீன் வாட்டுகிறான்,
பக்கக் கண்ணாடியில் ஒருவன் சவரம்.
பத்தொன்பது வருஷம் இந்த வரிசையைத் திட்டியவன் நான்.
நல்லவேளை,
அது நகரவில்லை.

வண்டி நிழலில் மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள்.
சாவியைத் துணி முனையில் முடிந்தபடி
"பாலத்துல இதுக்கும் வரி கேப்பாங்களா?"