நூலளவு

குரல் நாண்களில் கடுகளவு இரண்டு முடிச்சுகள்.
கோவையில் டாக்டர் படம் வரைந்து காட்டினார்.
மாத்திரை எழுதித் தருவார் என்று காத்திருந்தேன்.
"பேசாதீங்க" என்றார்.
எத்தனை நாள் என்று கேட்க வாயெடுத்தேன்,
உதட்டில் விரலை வைத்து
மேசை நாட்காட்டியில் ஆறு வாரத்துக்குக் கோடிழுத்தார்.

இருபத்திரண்டு வருடம்
இயற்கணிதத்தைக் கடைசி பெஞ்சு வரை எறிந்த தொண்டை இது.
தகரக் கூரையில் மழை அடிக்கும்போதெல்லாம்
மழையையே ஜெயித்தவள் என்று
எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

இப்போது பாலாடாவில் மார்கழி. மருத்துவ விடுப்பு.
விடியலில் கேரட் வயல் முழுக்க
உப்பைக் கொட்டினாற்போல் உறைபனி.
வெயில் படுமுன் அதைக் கழுவிவிட
பெள்ளியண்ணன் ஸ்பிரிங்ளரைத் திறக்கிறார்.
"குளிரா டீச்சர்?"
தலையாட்டுகிறேன்.
பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ,
வேலிக்கு அப்பாலிருந்து
இன்னும் பலமாகக் கத்துகிறார்: "குளிரா?"

முதல் வாரம் ஒரு நோட்டு வைத்திருந்தேன்.
காய்க்காரரிடம், சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம்
எழுதி எழுதி நீட்டினேன்.
ஒருநாள் சும்மா புரட்டிப் பார்த்தால்
எழுத்திலும் நான் அதட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.
'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே
எத்தனை கோடுகள்.

தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளைக் கல்லாய் நிற்கிறது.
அடுப்பில் காட்டிக் காட்டி
போன வருடம் மட்டும் இரண்டு புட்டிகள் கோணிப்போயின.
இன்று மடியில் வைத்துக்கொண்டு
ஜன்னல் வெயிலில் உட்கார்ந்தேன்.
ஓரத்தில் முதலில் இளகியது.
அந்தக் காலையின் செய்தி அவ்வளவுதான்.

தூங்கினேன் என்று சொல்ல வெட்கம்.
பகல் பதினொரு மணிக்கு, கம்பளிக்குள்,
முழங்கால் நெஞ்சைத் தொட.
திடுக்கிட்டு எழுந்து
யாருமில்லாத வீட்டில்
தலைமுடியை ஒதுக்கிச் சரிசெய்துகொண்டேன்.
நான்காம் வாரம் வந்தபோது
அந்த வெட்கமும் என்னோடு சேர்ந்து தூங்கப் பழகியிருந்தது.

இட்லி மாவிடம்தான் நான் அதிகம் கோபப்பட்டிருக்கிறேன்.
கோவையில் தங்கை வீட்டில் ஒரே ராத்திரியில் மூடியைத் தள்ளும்.
இங்கே அரைத்தது அரைத்தபடி கிடக்கும்.
சோடா உப்பைப் போட்டு விரட்டுவேன்.
இந்த முறை போடவில்லை.
பாத்திரத்துக்கு என் பழைய ஸ்வெட்டரை மாட்டி
கைகளை முன்னால் முடிந்து
கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு ராத்திரி. ஒன்றுமில்லை.
ஒரு பகல். ஒன்றுமில்லை,
காதை வைத்துக் கேட்டபோது மட்டும்
உள்ளே ஏதோ மிகச் சிறியதாய்
வெடித்துக்கொண்டிருந்தது.
இரண்டாம் ராத்திரி பனி இன்னும் கடுமை,
வாளித் தண்ணீரில் ஏடு கட்டியது.
மறுநாள் காலை மூடி
ஒரு நூலளவு உயர்ந்திருந்தது.

யாரிடம் சொல்வது?
வாய் தானாகத் திறந்தது.
மூடிக்கொண்டேன். இன்னும் ஒன்பது நாள்.

இட்லி சற்றுக் கனமாகத்தான் வந்தது.
நான்கை ஒரு தட்டில் வைத்து
வேலிக்கு மேலே நீட்டினேன்.
பெள்ளியண்ணன் மண்கையைத் தொப்பியில் துடைத்தார்.
ஒன்றைப் பிட்டு வாயில் போட்டவர்
எதையோ கத்தப்போய்
என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருந்தது.
வெயில் இன்னும் எதிர்மேட்டைத் தாண்டவில்லை.
அவர் வாயிலிருந்து வந்த ஆவியும்
என் வாயிலிருந்து வந்த ஆவியும்
ஒரே அளவுதான் இருந்தன.