மூன்று இழுப்பு

முதுநகர் துறைமுகத்தில்
வெள்ளம் ஏறி உப்பனாறு முழுக்கக் கடலான காலை.
விசிறியில் சுற்றிய வலையை அறுக்க
மணிபாலன் இறங்கியிருக்கிறான்,
விசைப்படகின் அடியில், இரண்டு பாகம்.
என் கையில் கயிறு.
மடியில் அவன் செல்போன்.

அடிக்கிறது. பச்சைவாழி.
"சிலிண்டர்காரன் வாசல்ல நிக்கிறான்.
ஓடிபி அவருக்குத்தான் வந்திருக்கும்,
கேட்டுச் சொல்லுங்க."

நெல்லிக்குப்பத்திலிருந்து அவள் குரல் வந்துவிட்டது,
கரும்புக் கொல்லை, ஆலைப் புகை, ரயில்பாதை தாண்டி
ஒரு சொட்டும் சிந்தாமல்.
இங்கிருந்து அவனுக்குப் பன்னிரண்டு அடி.
போகாது.

டிப்ளமோவில் இந்தப் பாடத்தில்தான் தோற்றேன்:
உப்புநீரில் மின்னூட்டங்கள் சும்மா இருப்பதில்லை,
அலை வந்து தொட்டதும்
கூட ஓடி, முட்டி,
கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும்.
பாலிதீன் பையில் போனைக் கட்டி
அமிழ்த்திப் பார்த்திருக்கிறேன்.
கிணற்றுத் தண்ணீரில் வாளியின் அடிவரை ரிங் போனது.
கடல்நீரில் ஒரு சாண் தாண்டவில்லை.

மெதுவாய் அதிரும் அலை ஆழம் போகுமாம்.
நீர்மூழ்கிக்கு அப்படித்தான் சேதி.
அதற்குச் சிதம்பரம்வரை கம்பி இழுக்கவேண்டும்,
ஓரெழுத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.
சிலிண்டர்காரன் நிற்கமாட்டான்.

வெளிச்சமும் அதே குலம்தான்.
அது மட்டும் எப்படியோ நுழைகிறது,
வழியில் சிவப்பைத் தொலைத்துவிட்டு.
தன் சிவப்புக் கையுறை
கீழே கறுப்பு என்பான் மணிபாலன்.

கயிற்றில் ஒரு இழுப்பு, நலம்.
இரண்டு, தளர்த்து.
மூன்று, ஆபத்து, ஏறு.
ஓடிபிக்கு என்று
எதுவும் பேசி வைக்கவில்லை.

மூன்று இழுத்தேன்.

கத்தியோடு பாய்ந்து வந்தான், கண் பிதுங்க.
சொன்னேன்.
ஒரு கெட்ட வார்த்தை துப்பினான், தண்ணீரோடு.
கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தான்.
திறக்கவில்லை.
என் சட்டையில் துடைத்து வைத்தான்.
உப்பில் ஊறிச் சுருங்கிய ரேகையைப் போனுக்குத் தெரியவில்லை.
நம்பர் போட்டுத் திறக்கலாமே என்றேன்.
"அவதான் வச்சா. மறந்துட்டேன்."
நான்காம் தடவை, விரலை ஊதி ஊதி.
ஏழு, சுழி, மூன்று, மூன்று.
அதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது.

முனகிக்கொண்டே மறுபடி இறங்கினான்.
குமிழிகள்.
மறுபடி அடித்தது.
"இப்ப எங்க இருக்காரு?"
"கீழதான்."
கொஞ்சம் பேசவில்லை அவள்.
"கோவமா?"

அவளை என் மடிவரை கொண்டுவந்த அலையில்
மிச்சமெல்லாம் படகைச் சுற்றி ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.
நீரில் தொலையும் அலை
சூடாகத்தான் மாறுகிறது என்று
அந்தப் பாடத்தில் இருந்தது,
எந்த வெப்பமானிக்கும் எட்டாத சூடு.
பரீட்சையில் அதை எழுத விட்டிருந்தேன்.

"இரும்மா" என்று
கயிற்றை ஒருமுறை இழுத்தேன்.
எண்ணெய்ப் படலம் மெல்ல நகர்ந்தது.
ஒரு நீர்க்காகம் முங்கி, தள்ளி எழுந்தது.
கீழிருந்து,
அவசரமில்லாமல்,
ஒன்று.