ஏழாம் வரி

கிண்ணியாப் பாலத்தில்
ஒக்டேவியன் கண்ணாடியை இறக்கி
"கடல் மணக்குது" என்றான்.
ஓம் என்றேன்.

சூரங்கலில் வேலியோரம் லொறியை விட்டு
தென்னைகளுக்கு இடையால் நடந்தோம்.
அவன் கையில் தராசு, புளிப்புப் பார்க்கும் தாள்,
சீலையில் சுற்றிய கத்தி.
என்னிடம் கொப்பி மட்டும்.
எங்கள் இஞ்சி பியருக்கு ருசி பார்ப்பவள் நான்,
போத்தல் கழுவும் பெடியள் வைத்த பெயர் "நாக்கு".

உரப்பைகளில் நட்டிருந்தாள் ஹிதாயா.
ஆறு வரி பழைய இனம்.
ஏழாவதற்குப் பெயர் இல்லை,
திணைக்களத்தார் தந்த மட்டையில் ஓர் இலக்கம் இருந்ததாம்,
மட்டையை ஆடு தின்றுவிட்டது.

"போன கிழமை பன்றி வந்த.
மரவள்ளியக் கிண்டி, ஆறு வரியையும் உருட்டிப் பாத்த.
இதுல மூக்க வெச்சதும்
வேலியப் பிச்சிட்டு ஓடின.
அதுக்குப் பொறகு ஒங்களுக்குத் தாள் எதுக்கு?"

பிறகு மெதுவாக, என்னிடம்:
"பியர் எண்டு போட்டிருக்கே, வெறிக்குமா?"
"வெறிக்காது. ஏப்பம் வரும்."

பையைக் கிழித்தாள்.
கழுவிய கிழங்கு நார் இழுக்காமல்
சடக்கென்று முறிந்தது.
உள்ளே, மெல்லிய நீல வளையம்.
ஒக்டேவியன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.
ஒரு துண்டை எனக்கு நீட்டினான்.

மூன்று மாதமாக எனக்கு மணம் இல்லை.
ஒரு காய்ச்சல் போகும்போது கொண்டு போனது.
கறுவா, கராம்பு, அடிப்பிடித்த சீனி,
மகனின் ஈரத் தலை,
எல்லாம் தண்ணீர்.
யாருக்கும் சொல்லவில்லை.
பழைய கொப்பியிலிருந்து சொற்களைக் கிள்ளி
புதிய பானைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடித்தேன்.
ஒன்றுமில்லை.
இரண்டு, மூன்று, நான்கு எண்ணினேன்.
ஐந்தில்
தொண்டைக்குள் யாரோ தீக்குச்சி உரசினார்கள்.
காதுவரை ஏறியது.
முன்கதவு பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்
கொல்லைப்புறத்தால் ஏறிக் குதித்து
ஒருவர் வந்து நிற்பதுபோல் நின்றது.
கண்ணைத் துடைத்தேன்.
"உறைப்புத்தான்" என்று சிரித்தான் ஒக்டேவியன்.

அவன் நிறுக்கப் போனதும்
ஹிதாயாவைக் கேட்டேன்: "என்ன மணம், சொல்லுங்கோ."
பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்தாள்.
விரல்களை மூக்கருகே பிடித்து நெடுநேரம் நின்றாள்.
"தேசி இலையக் கசக்கின மாதிரி.
பொறகு, பூசின சுவருக்குத் தண்ணி அடிக்கக்குள்ள வருமே, அது.
கடைசில கொஞ்சம் மண்ணெண்ணெய்,
கெட்ட மாதிரி இல்ல."
ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினேன்.

பதினொரு பையும் வேண்டும் என்றான் அவன்.
விலையை இரண்டு முறை ஏற்றினான்.
"நீங்க குடிக்கிறதும் நான் நடுறதும் ஒரே கிழங்குதானே"
என்றுவிட்டு அவள் ஆட்டுக்குக் குழை வைக்கப் போனாள்.
மூன்று கிலோ தந்தாள்.
அதிலும் முளை இருந்த ஒன்றைத்
திரும்ப எடுத்துக்கொண்டாள்.

பாலத்தடியில் லொறியை நிறுத்தி
கொப்பியை வாங்கிப் பார்த்தான்.
"பூசின சுவர்... இப்பிடி நீ ஒருநாளும் எழுதினதில்லை."
"நான் எழுதேல்லை" என்றேன்.

பாலம் முடியுமட்டும் பேச்சில்லை.
பேருந்து ஒன்றுக்கு வழி விட்டான்.
பிறகு, முன்னாலேயே பார்த்துக்கொண்டு:
"எப்ப இருந்து?"

மூன்றாம் நாள் இரவு
உட்துறைமுக வீதிக் கடையின் பின்னறையில்
பானையின் துணியை விலக்கினோம்.
அவன் மூக்கை வைத்தான்,
நான் காதை.
"தேசி இலை வருகுது" என்றான்.
உள்ளே குமிழிகள் ஒவ்வொன்றாக,
நிதானமில்லாமல்,
நடை பழகும் பிள்ளைபோல்
எழும்பி விழுந்து எழும்பின.
"பொறு" என்றேன்,
"இன்னும் ஒருநாள் கிடக்கட்டும்."